ஸ்டெய்ன்வே ‘மாடல் டி’: இருக்கையில் உட்கார்ந்து கேட்பவருக்கு

பியானோ கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்கள் வாசித்தவரைப் பற்றித்தான் பேசுவார்கள். மேடையில் நின்ற கருவியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெரும்பாலான அரங்கங்களில் நிற்பது ஒன்றேதான் என்பதால் கண்ணுக்கே படாமல் போய்விட்டது: ஸ்டெய்ன்வே மாடல் டி. நீளம் 274 செ.மீ., எடை 480 கிலோ. இதை வாங்கப்போகிறவர்கள் மிகச் சிலர். கேட்கப்போகிறவர்களுக்கே இந்த மதிப்பீடு.

முதலில் நல்லது. நடு ஸ்தாயியில் ஒரு மெட்டை இழுத்து வாசித்தால் ஸ்வரம் சட்டென்று சாவதில்லை. அடுத்த ஸ்வரம் வந்து சேரும்வரை கார்வை நிற்கிறது, அதனால் தட்டி ஒலிக்கும் கருவி பாடுவதுபோல் மயக்குகிறது. ஷோப்பானின் நாக்டர்ன்கள் (இரவின் மனநிலையில் மெல்ல நகரும் சிறு இசைத்துண்டுகள்) இதில் அழகாக வருவதற்கு இதுதான் காரணம். மந்திர ஸ்தாயியோ ஆர்கெஸ்ட்ராவின் முழு முழக்கத்துக்கு எதிரேயும் அமுங்காது. 88 கட்டைகளுக்கு 243 கம்பிகள்: அடியில் 8 கட்டைகளுக்கு ஒற்றைக் கம்பி, அடுத்த 5-க்கு இரண்டிரண்டு, மீதி 75-க்கும் மும்மூன்று. அத்தனையும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய 20 டன். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். தாழ்ந்த ஸ்வரக் கம்பிகள் மற்றவற்றுக்கு மேலே குறுக்காக ஓடும் அமைப்புக்கு இந்த நிறுவனம் 1859-லேயே காப்புரிமை வாங்கிவிட்டது. நீளமான கம்பி; அதன் அதிர்வைக் கடத்தும் பிரிட்ஜ், ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டின் நடுப்பகுதிக்கு நெருக்கம். அந்த முழக்கம் இங்கிருந்து வருகிறது.

சிக்கலும் இங்கிருந்தேதான் வருகிறது. ஷூபர்ட்டின் கடைசி பி ஃபிளாட் சொனாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள், 1828-ல் எழுதியது. எட்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) இடது கை அடியாழத்தில் ஜி ஃபிளாட் மேல் ஒரு ட்ரில் போடும், அதாவது பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாகத் தட்டும், மிக மெல்லிய ஒலியில். ஷூபர்ட் காலத்து வியன்னா பியானோவில் கம்பிகள் நேராக ஓடின, கம்பியைத் தட்டும் சுத்திகளுக்குத் தோல் உறை. அதில் இரண்டு ஸ்வரங்களும் தனித்தனியாகக் காதில் விழும், தூரத்தில் எதையோ உருட்டுவதுபோல. மாடல் டி-யில் அவை ஒன்றோடொன்று குழைந்து வெறும் உறுமலாகிவிடும் அபாயம் உண்டு. தேர்ந்த கலைஞர் ட்ரில்லின் வேகத்தைக் குறைத்து, பெடலைப் பாதி மட்டும் மிதித்துச் சமாளிப்பார். ஒரு கச்சேரியில் வாசிப்பவரையும் கருவியையும் ஒருசேர எடைபோட இந்த ஒரு பார் போதும்.

‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதியும் இதே கதை. டாம்பர்களே (கம்பிமேல் படிந்து ஒலியை அடக்கும் மெத்தைகள்) படாமல் முழுதும் வாசிக்கச் சொல்லி பீத்தோவன் குறிப்பு எழுதிவைத்தது 1801-ன் கருவியை மனதில் வைத்து. அதில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். மாடல் டி-யில் அப்படியே செய்தால் நாலாவது பாருக்குள் கூழாகிவிடும். பெடலை அடிக்கடி மாற்றுகிறாரே என்று குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

நடுப் பெடல் பலருக்கும் புதிர். அதை மிதிக்கும் நேரத்தில் எந்தக் கட்டைகள் அழுந்தியிருக்கின்றனவோ, அவற்றின் டாம்பர்களை மட்டும் தூக்கியே பிடிக்கும். எல்லா டாம்பர்களையும் தூக்கும் வலது பெடல் அழுந்தியிருக்கும்போது மிதித்துவிட்டால் எல்லா டாம்பர்களும் மாட்டிக்கொள்ளும், பிறகு வருவதெல்லாம் கலங்கல். இடது பெடல் கட்டைகளை மொத்தமாக வலப்பக்கம் நகர்த்தும். சுத்தி மூன்று கம்பிகளில் இரண்டைத்தான் தொடும், அதுவும் அழுந்திப் பள்ளம் விழாத மெத்தென்ற பகுதியால். ஒலி குறைவதோடு நிறமும் மாறும்.

“இன்றைக்கு பியானோ தகரம் மாதிரி இருந்தது” என்று யாராவது சொன்னால், குற்றம் அநேகமாக மாடல்மேல் இல்லை, கச்சேரிக்கு அதைத் தயார்செய்த விதத்தின்மேல். சுத்தியின் ஃபெல்ட் (கம்பளி உறை) அடிபட்டு அடிபட்டு இறுகி, கம்பித் தடம் விழுந்து, மேல் ஸ்தாயியில் கூர்மையாகக் குத்தும். டெக்னீஷியன் தேய்த்து, ஊசியால் குத்தித் தளர்த்தவேண்டும். அளவு மீறிக் குத்தினாலோ ஒலி செத்துப்போகும். திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. அடுத்தது சுருதி. மேடை விளக்கின் சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும், எல்லாக் கம்பியும் ஒரே அளவில் இறங்காது. விளக்கை அணைத்துவிட்டுச் சுருதி சேர்த்த பியானோ விளக்கின் கீழ் அரைமணியில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கட்டைக்கான மூன்று கம்பிகளில் ஒன்று விலகினாலும் ஸ்வரம் அலையடிக்கும். இடைவேளையில் டெக்னீஷியன் வந்து ‘டிங் டிங்’ என்று தட்டுவது இதைச் சரிசெய்யத்தான். பக்கத்தில் நின்று சத்தமாக அரட்டையடிப்பது அவருக்குச் செய்யும் கொடுமை.

இருக்கை விஷயம். விரல்களைப் பார்க்க எல்லோரும் இடப்பக்க முன்வரிசைக்கு முண்டியடிக்கிறார்கள். அங்கே ஒலி தலைக்கு மேலே போய்விடும், மிஞ்சுவது பெடல் சத்தம். மூடியில் மோதித் திரும்பும் ஒலி முழுசாக விழும் இடம் நடுவரிசைகள், நடுவிலிருந்து சற்று வலம்; முதல் பால்கனியும் நன்றாக இருக்கும். மேடைக்குப் பின்னால் இருக்கை கிடைத்தால் யோசித்து வாங்குங்கள், மூடி தார ஸ்தாயியை மறைத்துவிடும்.

மாடல் டி-க்கு இரண்டு பிறந்தவீடு: நியூயார்க், ஹாம்பர்க். கட்டைவரிசையின் ஓரத்தில் மரச்சட்டத்தின் கைப்பகுதி வளைந்திருந்தால் ஹாம்பர்க், சதுரமாக வெட்டியிருந்தால் நியூயார்க். ஹாம்பர்க் சுத்தி இறுக்கமாகச் செய்து தளர்த்தப்படுவது, நியூயார்க் சுத்தி மென்மையாகச் செய்து லாக்கரால் (வார்னிஷ் போன்ற பூச்சால்) இறுக்கப்படுவது. முதலாவதில் தெளிவு அதிகம், மற்றதில் நிறங்கள் அதிகம் என்பார்கள். நல்ல டெக்னீஷியன் கைபட்டால் இந்த வித்தியாசம் பாதியாகிவிடும்.

போட்டிக்கு ஆள் இல்லாமல் இல்லை. வார்சா ஷோப்பான் போட்டியில் 2010-ல் யூலியானா அவ்தேயேவா யமஹா சிஎஃப்எக்ஸிலும், 2021-ல் புரூஸ் லியு ஃபாட்சியோலியிலும் வென்றார்கள். ஃபாட்சியோலி எஃப்308-ல் நாலாவது பெடல் உண்டு. சுத்திகளைக் கம்பிக்கு அருகே கொண்டுவந்து, நிறம் மாறாமல் ஒலியை மட்டும் குறைக்கும். 97 கட்டைகள் கொண்ட போசென்டோர்ஃபர் இம்பீரியல் ஷூபர்ட்டுக்கு மாடல் டி-யைவிட இதமானது. ரஹ்மானினோஃப் கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு வாசிப்பது) என்றால் மாடல் டி-தான், பேச்சே இல்லை. ஷூபர்ட் தனிக்கச்சேரி என்றால் எந்தக் கருவி என்று அரங்கத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.