‘மிகக் குறைந்த கட்டணம்’ என்று காட்டும் ரயில் டிக்கெட் ஆப்: கொஞ்சம் உஷாராக இருங்கள்

அப்பா அம்மா எழும்பூரிலிருந்து கோவில்பட்டி போக ஸ்லீப்பர் டிக்கெட் தேவைப்பட்டது. அடிக்கடி விளம்பரத்தில் வரும் ஒரு தனியார் ஆப்பில் தேடினேன். ஒரு ரயிலுக்கு மேல் மட்டும் பச்சைப் பட்டையில் ‘மிகக் குறைந்த கட்டணம்’ என்று போட்டிருந்தார்கள். பெயர், வயது எல்லாம் கொடுத்துப் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தால், ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஏறியிருந்தது.

மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் இருந்த பொடி அம்புக்குறியைத் தொட்ட பிறகுதான் விவரம் தெரிந்தது. சேவைக் கட்டணம், ஏஜென்ட் கட்டணம், பணம் செலுத்தும் கட்டணம், அப்புறம் ‘ரத்து செய்தால் முழுப் பணம்’ என்று ஒரு திட்டம். அந்தத் திட்டத்தை நான் கேட்கவே இல்லை, அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். எடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கீழ் பெர்த் வேண்டும் என்று ஒரு பக்கம் பின்னால் போய் மாற்றிவிட்டுத் திரும்பியதும், சத்தமில்லாமல் அது மறுபடியும் சேர்ந்துகொண்டது. பணமும் போய்விட்டது.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து பயணம் ரத்தானது. சரி, காசு வாங்கிய திட்டமாவது உதவும் என்று பார்த்தால், ரயில்வே பிடித்துக்கொண்ட ரத்துக் கட்டணத்தை ஆப்பின் வாலட்டில்தான் போடுவார்களாம், வங்கிக் கணக்குக்கு வராதாம். மற்ற கட்டணங்கள் எதுவும் திரும்ப வராது என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்லிவிட்டார்கள். வயதானவர்களுக்கு டிக்கெட் போடுகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது அநியாயம்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது: ரயில் கட்டணத்தை நிர்ணயிப்பது ரயில்வே. அதே ரயில், அதே வகுப்பு, அதே கோட்டா (பொது, தட்கல் போன்ற ஒதுக்கீடு) என்றால் எந்த ஆப்பில் போட்டாலும் அடிப்படைக் கட்டணம் ஒன்றுதான். மேலே எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ரயில்வேயின் ஐஆர்சிடிசி தளத்தில் நேரடியாகப் போட்டால் சேவைக் கட்டணம் ஒரு டிக்கெட்டுக்கு (ஆளுக்கு அல்ல) ஏசி வகுப்பென்றால் 30 ரூபாய், மற்றதற்கு 15 ரூபாய், கூடவே ஜிஎஸ்டி. யுபிஐயில் கட்டினால் அது 20, 10 ஆகக் குறையும். ஸ்டேஷன் முன்பதிவு கவுண்டரில் இந்தக் கட்டணமே கிடையாது.

உண்மையிலேயே கட்டணம் மாறும் இடங்கள் வேறு. சூப்பர்ஃபாஸ்ட் ரயிலுக்குத் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. சிறப்பு ரயில்களில் பெரும்பாலும் வழக்கத்தைவிட அதிகம். பிரீமியம் தட்கல் என்ற கடைசி நேர ஒதுக்கீட்டில் இடம் குறையக் குறைய விலை ஏறும், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா கிடைக்காது. தட்கல் தீர்ந்ததும் சில ஆப்கள் இதைத்தான் முன்னால் நீட்டுகின்றன, கோட்டா பெயரைப் பார்க்காமல் தொடாதீர்கள். நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு ரயில் ஏறச் சொல்லி இரண்டு டிக்கெட் காட்டினாலும் யோசியுங்கள். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால், பிரித்து எடுத்தால் பெரும்பாலும் செலவு கூடும்.

கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை மறைப்பதும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி தடை செய்யப்பட்டவை. இப்படி நடந்தால் பணம் கட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.