அக்காவின் வயிற்றுப்புண்ணைக் கண்டுபிடித்த கேஸ்ட்ரோ க்ளினிக்: 4 ஸ்டார்

அக்காவுக்கு எடை குறைப்பதற்காக பைபாஸ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அதாவது இரைப்பையை முட்டை அளவுக்குச் சுருக்கி நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். சாப்பிட்டதும் மேல்வயிறு எரிகிறது, குமட்டுகிறது என்று போன இடத்திலெல்லாம் "கேஸ்தாம்மா" என்று ஒரு சிரப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். இங்கே டாக்டர் முதலில் கேட்டது மாத்திரைப் பையை.

மேசையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தார். முட்டிவலிக்கு மெடிக்கலில் சீட்டே இல்லாமல் கொடுத்த அட்டையில் பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்தும் இருந்தது. "இந்த அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை உங்களுக்கு இனி ஆகவே ஆகாதும்மா, ஊசியாப் போட்டாலும்தான்" என்றார். அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்பு இரைப்பைக்கு உண்டு, அங்கே இணைத்த சிறுகுடலுக்கு அவ்வளவு இல்லை, இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் இந்த மாத்திரை கெடுத்துவிடும் என்று சீட்டின் பின்பக்கம் படம் போட்டே காட்டினார்.

மறுநாள் வெறும் வயிற்றில் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது. தொண்டை மரத்துப்போக அடிக்கும் ஸ்ப்ரே படுகசப்பாம். திரையில் இணைப்பின் ஓரமாக வெள்ளை படிந்த சின்னக் குழி, அதுதான் புண். வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று சதை எடுத்தும் பார்த்தார்கள், இல்லை.

அமிலத்தைக் குறைக்கும் ஒமேப்ரசோல் காப்ஸ்யூலை அப்படியே விழுங்கக் கூடாது, திறந்து உள்ளே இருக்கும் குருணையைக் கடிக்காமல், நசுக்காமல் மசித்த ஆப்பிளில் போட்டுச் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் செய்தே காட்டினார். சின்ன வயிற்றில் காப்ஸ்யூல் கரைவதற்குள் நகர்ந்துவிடுமாம். எனக்கு நம்பிக்கை வராமல் தேடிப் படித்தேன்: 2017இல் வந்த ஓர் ஆய்வில், திறந்து சாப்பிட்டவர்களுக்குப் புண் ஆற 91 நாள் போல ஆகியிருக்கிறது, முழுதாக விழுங்கியவர்களுக்கு 342 நாள்! கூடவே புண்ணின் மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் சிரப், முட்டிக்கு வெறும் பாராசிட்டமால். எரிச்சல் இப்போது இல்லை, ஆனாலும் புண் ஆறிவிட்டதா என்று மறுபடி எண்டோஸ்கோபி பார்த்துத்தான் மாத்திரையைக் குறைப்பாராம்.

ஒரு ஸ்டார் குறைத்தது டோக்கனுக்காக. ஆறு மணி என்று கொடுத்துவிட்டு எட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள், அதுவரை உட்கார நாற்காலியும் போதவில்லை. எண்டோஸ்கோபிக்கு எவ்வளவு ஆகும் என்று ரிசப்ஷனில் நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள், கேட்டுவிடுங்கள்.