ஹனிசக்கிள் கொடியோடு ஏழு வருடம்

ஹனிசக்கிள் என்ற வாசனைப் பூங்கொடியை வைக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது "சாயங்காலம் வீட்டில் எங்கே உட்காருவீர்கள்?" என்றுதான். வெயில் எவ்வளவு விழும், தொட்டியா தரையா என்பதெல்லாம் அப்புறம். இந்தக் கேள்வியை அன்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் மூன்று வருடம் வாசனை இல்லாமல் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் ஒரு கூத்து. நான் முதலில் வாங்கி வந்தது ஹனிசக்கிளே இல்லை. ஒரு நர்சரியில் ஹனிசக்கிள் என்று எழுதிய அட்டையைப் பார்த்து வாங்கினேன். கொடி நன்றாக வளர்ந்தது, கொத்துக் கொத்தாகப் பூத்தும் தொங்கியது. முதல் நாள் வெள்ளை, மறுநாள் ரோஸ், அதற்கு அடுத்த நாள் சிவப்பு. அட, இது இரங்கூன் மல்லி! அதற்குச் சீன ஹனிசக்கிள் என்றும் ஒரு பெயர் புழக்கத்தில் இருப்பதால், விற்றவரைத் திட்டவும் வழியில்லை. இரங்கூன் மல்லியும் நல்ல கொடிதான், ராத்திரி மணக்கவும் செய்யும். ஆனால் நான் கேட்டது அது இல்லை.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கப் பூவின் முகத்தைப் பாருங்கள். இரங்கூன் மல்லி நீளக் காம்பின் நுனியில் ஐந்து இதழோடு நட்சத்திரம் மாதிரி விரியும். ஹனிசக்கிளுக்கு உதடு மாதிரி இரண்டு பிளவு. மேல் உதட்டில் நான்கு சிறு மடல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், கீழே ஒற்றை நாக்கு சுருண்டு தொங்கும். நடுவிலிருந்து மகரந்தத் தாள்கள் பூனை மீசை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பூ இல்லாத சமயம் என்றால் பழைய தண்டைத் தடவிப் பாருங்கள். இரங்கூன் மல்லியில் இலை உதிர்ந்த இடத்தில் காம்பின் அடிப்பகுதி முள்ளாக நின்று கையில் குத்தும். ஹனிசக்கிளில் முள்ளே கிடையாது.

இரண்டாவது முறை சரியான செடி கிடைத்தது. ஜப்பான் ஹனிசக்கிள், அறிவியல் பெயர் லோனிசெரா ஜப்போனிக்கா. லோனிசெரா என்பது 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆடம் லோனிட்சர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரின் நினைவாக, செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் வைத்த பெயர். சீனர்கள் வைத்த பெயர்தான் எனக்குப் பிடிக்கும்: ஜின் யின் ஹுவா, பொன்னும் வெள்ளியுமான பூ. வெள்ளையாக மலர்ந்து ஓரிரு நாளில் மஞ்சளாகிவிடும். ஒரே கணுவில் வெள்ளையும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். சீனாவில் அதன் மொட்டுகளைக் காயவைத்து மருந்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு மணம் போதும்.

நட்ட இடம்தான் தப்பு. பின்பக்கக் கடைசியில் காரை பெயர்ந்த ஒரு மதில், பார்க்கவே அசிங்கம். அதை மறைக்கட்டும் என்று அங்கே வைத்தேன். மறைத்தது. மூன்றே வருடத்தில் மதில் இருந்த அடையாளமே இல்லை. ஆனால் அந்த மூலைக்கு இருட்டிய பிறகு யார் போவது? இந்தப் பூ மலர்வதே பொழுது சாயும் நேரத்தில்தான், மணம் ஏறுவதும் அப்போதுதான். நான் பகலில் தண்ணீர் விடப் போவேன், வாடத் தொடங்கிய மஞ்சள் பூவை முகர்ந்து பார்ப்பேன், "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று திரும்பிவிடுவேன். ஒரு நாள் வந்திருந்த அக்கா, "வெறும் தழையை வளர்த்து வெச்சிருக்கே, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டபோது எனக்கும் பதில் இல்லை.

அன்று இரவே மின்சாரம் போனது. புழுக்கம் தாங்காமல் டார்ச்சோடு பின்பக்கம் நடந்தேன். பாதி தூரத்திலேயே வாசனை வந்து மோதியது. மல்லிகையின் கனமும் எலுமிச்சைப் பூவின் துல்லியமும் கலந்த மாதிரி, கொஞ்சம் தேன் வாடையோடு. அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் மின்சாரம் வந்த பிறகும் அங்கேயே நின்றோம். மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் கொடியிலிருந்து ஒரு பதியம் போட்டேன்.

பதியம் போடுவது இதில் ரொம்பச் சுலபம். சொல்லப்போனால் நாம் போடாவிட்டாலும் அதுவே போட்டுக்கொள்ளும், தரையைத் தொட்ட கணுவிலெல்லாம் வேர் விடும். தாழ்வாக ஓடிய ஒரு தண்டை வளைத்து, கணுவுக்குக் கீழே நகத்தால் லேசாகத் தோலைச் சுரண்டி, மண் நிரப்பிய சிறு தொட்டிக்குள் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைத்தேன். நான்கு மாதம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தபோது வர மறுத்தது. தாய்க் கொடியிலிருந்து வெட்டி, பின்கதவுப் படிக்கட்டின் ஓரம் நட்டேன். என் ஹனிசக்கிள் அனுபவம் உண்மையில் ஆரம்பித்தது அந்தப் படிக்கட்டில்தான்.

இப்போது தினமும் அங்கே உட்கார்கிறேன். மொட்டு மெல்லிய குச்சி போல, நுனி மட்டும் பருத்து, ஜோடி ஜோடியாக நிற்கும். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் நுனியில் ஒரு கீறல் விழுவது தெரியும். கீழ் நாக்கு முதலில் பிரிந்து தொங்கும், அப்புறம் மேல் உதடு பின்னால் சுருளும், உள்ளே மடங்கிக் கிடந்த தாள்கள் விடுபட்டு நீட்டிக்கொள்ளும். இருட்டிய பிறகு பெரிய அந்துப்பூச்சிகள் வரும். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீளக் குழலை உள்ளே விட்டு உறிஞ்சும். பூவின் ஆழமான குழாயின் அடியில்தான் தேன் இருக்கிறது. வெள்ளை நிறமும் ராத்திரி மணமும் இந்த விருந்தாளிக்கான ஏற்பாடுகள். காலையில் மிச்சம் மீதிக்குத் தேனீக்கள் வரும்.

நமக்கும் ஒரு சொட்டு உண்டு. பூவின் அடியை நகத்தால் கிள்ளி, நடுத்தண்டை மெதுவாகப் பின்பக்கமாக இழுத்தால் அதன் முனையில் ஒரு துளி தேன் திரண்டு வரும். அக்கா பையன் ஒரு நாளில் நாற்பது பூவை இப்படிக் காலி செய்தான். பூவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் வரும் கறுப்புப் பழம் பளபளவென்று ஆசை காட்டும், ஆனால் சாப்பிடக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும்.

வளர்ப்பில் நான் அடிபட்டுக் கற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

புதுச் செடியில் ஒன்றிரண்டு தளிர்களின் இலை மட்டும் ஓரத்தில் வளைந்து வளைந்து வெட்டுப்பட்டது போல இருந்தது. நோய் என்று பயந்து கிள்ளி எறிந்தேன். அது நோயில்லை, வேகமாக வளரும் இளந்தண்டில் இலை அப்படித்தான் வரும். மேலே போகப்போக வழக்கமான முட்டை வடிவம் வந்துவிடும். அதே மாதிரி பழைய தண்டில் பட்டை நார் நாராக உரியும். அதற்கும் பயப்பட வேண்டாம்.

கொடியைக் கம்பியில் சுற்றிவிடும்போது அவரைக் கொடியைச் சுற்றும் பழக்கத்தில் சுற்றினேன். மறுநாள் பார்த்தால் நுனி அவிழ்ந்து காற்றில் ஆடுகிறது. மறுபடி சுற்றினேன், மறுபடி அவிழ்ந்தது. என்ன வீம்பு என்று கவனித்தபோதுதான் புரிந்தது. அவரை மாதிரிப் பெரும்பாலான கொடிகள் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி ஏறும். ஹனிசக்கிள் முள்ளின் திசையிலேயே சுற்றும். அதன் போக்கில் ஒரு சுற்று விட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் வலையில் மட்டும் ஏற்றாதீர்கள். முதல் மதிலில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைந்து தண்டு தடித்துவிட்டது. வெட்டலாம் என்று போனால் வலை எது, கொடி எது என்று தெரியவில்லை. கடைசியில் வலையையும் சேர்த்தே வெட்டி எறிந்தேன். படிக்கட்டுக் கொடிக்குச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஓர் அடிக்கு ஒன்றாகக் கம்பி கட்டியிருக்கிறேன். தானாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் வேர் இதற்குக் கிடையாது, சுற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். மழைநீர்க் குழாய் பக்கத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் பிடிக்கும். என் வீட்டுக் குழாயின் கிளாம்பு ஒன்று கழன்றது இந்தக் கொடியின் உபயம்.

வேருக்கு நிழல், தலைக்கு வெயில். இந்த அமைப்பில் வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. அடிமண் காய்ந்து காய்ந்து நனைந்தால் இலையில் மாவு பூசியது போலச் சாம்பல் நோய் வரும். நான் அடியில் காய்ந்த இலைகளைக் கனமாகப் போர்த்தி, முன்னால் ஒரு குட்டைச் செடியை வைத்து நிழல் கொடுத்தேன். அதன் பிறகு பெரிதாக வரவில்லை.

அசுவினிப் பூச்சி வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இளந்தளிரிலும் மொட்டிலும் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும், மொட்டு கோணலாகிக் கருகும். கீழே இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன் மேல் கறுப்புப் பூசணம், கூடவே எறும்பு ஊர்வலம். நான் செய்வது தண்ணீர்க் குழாயை வேகமாகத் திருப்பி இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுவது. இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை. அதற்கும் மசியவில்லை என்றால் லேசான சோப்புத் தண்ணீரை வெயில் இறங்கிய பிறகு தெளித்து, காலையில் கழுவிவிடுவேன். பூச்சிக்கொல்லி அடித்ததில்லை. ராத்திரி அந்துப்பூச்சி வரும் செடியில் அதை அடிக்க மனசு வராது. பொறிவண்டுக் குஞ்சுகள் வந்தால் பீய்ச்சுவதையும் நிறுத்திவிடுவேன். பார்க்கக் குட்டி முதலை மாதிரி இருக்கும், அசுவினியைத் தின்று தீர்க்கும்.

உரம் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. ஒரு வருடம் ஆசைப்பட்டுத் தழைச்சத்து நிறையப் போட்டேன். கொடி காடாக மண்டியது, பூவை எண்ணிவிடலாம். இப்போது வருடத்துக்கு ஒருமுறை மட்கிய தொழுவுரம், அவ்வளவுதான்.

கவாத்துதான், அதாவது தண்டுகளை வெட்டிவிடுவதுதான், இந்தக் கொடிக்கு நாம் கட்டும் வாடகை. ஜப்பான் ஹனிசக்கிள் புதுத் தண்டில் பூக்கும். அதனால் குளிர் முடியும் தறுவாயில் தைரியமாக வெட்டலாம், அந்தப் பருவத்துப் பூ போய்விடாது. ஐரோப்பிய ஹனிசக்கிளில் சீக்கிரம் பூக்கும் வகைகள் போன வருடத் தண்டில் பூக்கும், அவற்றைப் பூத்து முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் மதில் கொடியே சாட்சி. மேலே பறவைக் கூடு மாதிரி மண்டி, கீழே இலையே இல்லாமல் வெறும் குச்சிகள். ஐந்தாம் வருடம் தரையிலிருந்து இரண்டு அடி விட்டு மொத்தத்தையும் அறுத்தேன். செத்துவிட்டது என்றே வீட்டில் முடிவு கட்டினார்கள். சில வாரத்தில் ஒவ்வொரு குச்சியிலும் பச்சை முட்டியது.

அந்த உயிர்ப்பு ஒரு எச்சரிக்கையும்கூட. அமெரிக்காவுக்கு 1806இல் தோட்டச் செடியாகப் போன கொடி இது. அப்புறம் மண்ணரிப்பைத் தடுக்கும் என்று வேண்டுமென்றே நட்டார்கள். இப்போது அங்கே கிழக்குப் பகுதிக் காடுகளில் இளமரங்களைச் சுற்றி நெரித்து, வெளிச்சத்தை மறைத்து, பெரும் தொல்லை. பறவைகள் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தூரம் கொண்டுபோகின்றன. நியூசிலாந்திலும் இதைக் களையாகவே நடத்துகிறார்கள். உங்கள் பகுதியில் இதை வைக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காட்டோரமாகவோ ஓடைக்கரையிலோ வீடு இருந்தால் வைக்கவே வேண்டாம் என்பேன். நான் பழம் கறுப்பதற்குள் காய்களைக் கிள்ளிவிடுகிறேன், தரையில் ஓடும் தண்டுகளை மாதம் ஒருமுறை தூக்கி வெட்டுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க லோனிசெரா செம்பர்வைரன்ஸ் என்ற சிவப்பு ஹனிசக்கிளையும் தொட்டியில் மூன்று வருடம் வளர்த்தேன். அடக்கமான கொடி, நீளக் குழல் போன்ற செம்பவழப் பூ. பூவுக்குக் கீழே இருக்கும் இரண்டு இலைகள் ஒன்றாக ஒட்டி, தட்டு மாதிரித் தண்டைச் சூழ்ந்திருக்கும், அது தனி அழகு. வேலியில் வைத்துப் பகலில் பார்த்து ரசிக்க நினைப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மணம் கிடையாது, எனக்கு அது ஒத்துவரவில்லை, அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் ஜப்பான் வகையைத் தரையில் வைக்க மாட்டேன். ஒன்றரை அடி அகலத் தொட்டியில், படிக்கட்டுக்கோ படுக்கையறை ஜன்னலுக்கோ பக்கத்தில் வைப்பேன். தொட்டியில் தண்ணீர் அடிக்கடி கேட்கும், ஆனால் வேர் கைக்குள் இருக்கும். மதில் கொடியை இந்தக் குளிரோடு தோண்டி எடுத்துவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன குளிருக்கும் இதையேதான் சொன்னேன். இன்று காலை ஜன்னலைத் திறக்கப் போனால், படிக்கட்டுக் கொடியின் ஒரு நுனி கொசுவலையின் ஓரத்து இடைவெளியில் நுழைந்து, திரைச்சீலைக் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. கடிகார முள்ளின் திசையில்தான்.