சுங்கை சிப்புட்டில் ஒரு துப்பாக்கிப் பட்டறை: அப்பாவின் இரட்டைக்குழல் பிழைத்த விதம்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழலில் துரு ஏறிவிட்டதென்றால், "இன்று கொடுங்கள், நாளைக்குப் புத்தம் புதிதாகக் கறுப்பு ஏற்றித் தருகிறேன்" என்று சொல்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு சீனப் பெரியவர் வைத்திருக்கும் சிறிய பட்டறையில் வேலை நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு, இதை முழு உறுதியோடு எழுதுகிறேன்.

கடையின் பெயரையும் தெருவையும் எழுத வேண்டாம் என்று தவுக்கே, அதாவது கடை முதலாளியான அந்தச் சீனப் பெரியவர், கேட்டுக்கொண்டார். துப்பாக்கிகள் இருக்கிற இடம். அவர் கேட்டது நியாயம். பழுதுபார்ப்பதற்கு முறையான உரிமம் உள்ள பட்டறை என்பதை மட்டும் சொல்கிறேன். பேராக்கில் துப்பாக்கி லைசென்ஸ் உள்ள பழைய தோட்டத்துக்காரர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

எங்களுடையது பர்மிங்காமில் வெப்ளி அண்ட் ஸ்காட் செய்த பன்னிரண்டாம் எண் (12 போர்) மடக்குத் துப்பாக்கி. மலாயாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, ஊர் திரும்பிய ஒரு சின்னத் துரை அதை அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார். அப்பா அப்போது தோட்டத்தில் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்). இந்த ஊரில் துப்பாக்கி என்பது சாதாரணப் பேச்சு இல்லை. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்றிருந்த காலத்தைப் பார்த்தவர் அப்பா. அதனால் அவர் அந்தத் துப்பாக்கியை வீட்டுக்குள் ஒரு நாளும் சுவரில் சாய்த்து வைத்ததில்லை. குழலை மடக்கி, அறைகள் காலியாக இருப்பதைப் பார்த்து, கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது, இளங்கன்றுகளின் குருத்தைத் தின்ன வரும் காட்டுப்பன்றிகளை விரட்டியது இந்தத் துப்பாக்கிதான்.

அப்பா காலமானதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். உரிமம் என் பெயருக்கு வரும்வரை அது தோலுறைக்குள்ளேயே கிடந்தது. தோல் நம் ஊர் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் இரவு பகலாக இரும்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும். உறையைத் திறந்தபோது இடக்குழலின் மேல் கை அகலத்துக்குச் செந்துரு. பூட்டுப் பகுதியின், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் பொறி இருக்கும் பகுதியின், திருகாணிகள் அசையவில்லை. தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்தில் பழைய விரிசல் வேறு. ஓர் இரவு அப்பா வாய்க்காலைத் தாண்டும்போது விழுந்து உடைந்த இடம் அது. அவரே அரால்டைட் பூசி, மேலே செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்.

முதலில் வேறு மாநிலத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். குழல்களை உப்புத் தொட்டியில் முக்கி ஒரே நாளில் கறுப்பாக்கித் தருவதாகவும், கட்டைக்குப் பதில் செங்கால் மரத்தில் புதிதாகச் செய்து தருவதாகவும் சொன்னார்கள். விலையும் குறைவு. இதைத் தவுக்கேயிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அந்தத் தொட்டியில் முக்கினால் துப்பாக்கி செத்துவிடும்" என்றார். அவருடைய அப்பா தோட்டத்துக் கடை வைத்திருந்தவர். தவுக்கே நம் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் தடையில்லாமல் வரும்.

காரணத்தை அவர் குழலையே காட்டி விளக்கினார். இரட்டைக்குழலில் இரண்டு குழல்களையும், நடுவில் மேலும் கீழும் ஓடும் பட்டைகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப் பற்று. அந்தத் தொட்டியில் இருப்பது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசல். சுமார் 140 டிகிரி வெப்பத்தில் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஈயம் உருகாது. ஆனால் காஸ்டிக் அதை அரித்துத் தின்றுவிடும். பட்டைக்கு அடியில் புகுந்த உப்பை எந்தத் தண்ணீரும் முழுதாகக் கழுவாது. வெளியே பளபளப்பாக இருக்கும் துப்பாக்கி உள்ளே துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்; ஒரு நாள் பட்டை பெயர்ந்து கையோடு வரும். ஒற்றைக்குழலுக்குத் தொட்டி பொருந்தும். இரட்டைக்குழலுக்குப் பொருந்தாது.

விலையைப் பேசுவதற்கு முன்பே அவர் சோதனையில் இறங்கினார். இந்தப் பட்டறையை நான் மதிப்பதற்கு முதல் காரணம் அந்தச் சோதனைதான்.

குழல்களைத் தனியே கழற்றி, அடிக்கொக்கியில் கயிறு மாட்டித் தொங்கவிட்டு, விரல் மூட்டால் தட்டினார். கோயில் மணி போல நீண்டு ஒலித்தது. பட்டை எங்காவது விட்டிருந்தால் ஒலி உடனே அடங்கிப்போகும் என்றார். பிறகு குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். உட்சுவரில் ஓடும் நிழல் கோடு எங்கேயாவது உடைந்து வளையமாகத் தெரிந்தால், அங்கே குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். எங்களுடையதில் வளையம் இல்லை. இடக்குழலின் வாய்ப்பக்கம் மட்டும் துரு தின்ற சிறு குழிகள் இருந்தன.

அடுத்து குழலின் அடியில் இருந்த முத்திரைகளைத் துடைத்துக் காட்டினார். பர்மிங்காமில் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை இடுவதற்கென்றே 1813 முதல் ஒரு நிலையம் இருக்கிறது. எங்கள் குழலில் .729, 2½, 3 டன் என்று பொறித்திருந்தார்கள். உள்விட்டம் .729 அங்குலம், தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலம், தாங்கக்கூடிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு மூன்று டன். அழுத்தத்தை இப்படி டன்னில் பொறித்தது 1954ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு என்பதால், துப்பாக்கியின் வயதையும் அதிலேயே படித்துவிட்டார். அளவுகோலை உள்ளே விட்டு அளந்தார்: இடக்குழல் .733. பொறித்த அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது .010 அங்குலம் விரிந்துவிட்டால் அந்த முத்திரை செல்லாது. எங்களுடையது ஆயிரத்தில் நான்கு பங்குதான் விரிந்திருந்தது. குழிகள் மறையும்வரை உள்ளே தேய்த்துவிடலாமா என்று கேட்டேன். "குழி இருந்தால் சுடலாம். சுவர் மெலிந்தால் சுட முடியாது" என்றார். துருவை மட்டும் எடுத்துவிட்டுக் குழிகளை அப்படியே விட்டார்.

இரண்டரை அங்குல அறை என்பது நம்மில் பலர் கவனிக்காத விஷயம், ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். அது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான அறை. கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது 70 மில்லிமீட்டர். சுடாத 70 தோட்டா அந்த அறைக்குள் தாராளமாக நுழைந்துவிடும்; அதனால் பொருத்தம் என்று நினைத்துவிடுவார்கள். தோட்டாவின் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்டபின் விரிந்த நீளம். சுடும்போது அதன் வாய் விரிந்து, அறைக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறிவிடும். உங்கள் வீட்டில் பழைய ஆங்கிலேயத் துப்பாக்கி இருந்தால் இன்றைக்கே அடிமுத்திரையைப் பாருங்கள். 65 தோட்டா வரவழைக்கத் தவுக்கே உதவுகிறார், காத்திருக்க வேண்டும்.

கீலில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பார்த்தார். முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை மூடி ஆட்டினால் மெல்லிய டக் ஓசை கேட்டது. விளக்குக் கரியைக் குழலின் பின்முகத்தில் தடவி மூடித் திறந்தபோது, கரி ஒரு பக்கம் மட்டுமே எதிர்முகத்தில் ஒட்டியிருந்தது. கீல் ஊசியைச் சற்றுத் தடிமனாகப் புதிதாகக் கடைந்து போட்ட பிறகு கரி இரு பக்கமும் சமமாக ஒட்டியது. அதைக் காட்டிய பிறகே அடுத்த வேலைக்குப் போனார்.

கறுப்பு ஏற்றிய வேலையைத்தான் நான் மறக்க மாட்டேன். குழலின் இரு வாயையும் மரத்தக்கையால் அடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, அதன் பிறகு வெறுங்கையால் தொடவே இல்லை. விரல் ரேகை பட்ட இடத்தில் துரு பிடிக்காதாம். அமிலக் கலவையை மெல்லிய துணியால் ஒரே வீச்சில் தடவி, இரவு முழுவதும் தொங்கவிட்டார். குளிர்நாடுகளில் இதற்கென்று ஈரப்பெட்டி செய்கிறார்கள். இங்கே காற்றே போதும். காலையில் குழல் முழுவதும் சீரான செந்துரு. பார்க்கவே பதறும். அதை அப்படியே நீளமான தொட்டியில், பிடித்து வைத்த மழைநீரில் கொதிக்க விட்டார். கண்ணெதிரே செம்மை மங்கி, வெல்வெட் போன்ற கறுப்பாக மாறியது. துரு அழியவில்லை, கொதிநீரில் கறுப்பு ஆக்சைடாக மாறி இரும்போடு நிற்கிறது. பிறகு மெல்லிய எஃகுப் பஞ்சால் மேலே தளர்ந்திருப்பதைத் தேய்த்து எடுத்தார். முதல் முறை வெறும் சாம்பல் நிறம்தான் கிடைத்தது. மீண்டும் தடவி, துருவேற்றி, கொதிக்கவைத்து, தேய்த்து, ஆழமான நீலக்கறுப்பு வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தார். பட்டையின் ஈயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கட்டையை மாற்றக் கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். செங்கால் அருமையான மரம், வீட்டுத் தூணுக்கு. வால்நட்டைவிட மிகவும் கனம். துப்பாக்கியின் நிறை பின்பக்கம் சாய்ந்துவிடும். அப்பாவின் கம்பியை அவிழ்த்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, விரிசலுக்குள் புதிய எபாக்ஸி விட்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எஃகு ஊசியைச் செருகினார். பூட்டுப் பகுதியை ஒட்டிய மரம் பல்லாண்டு எண்ணெய் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. சீமைச் சுண்ணாம்புத் தூளைக் குழைத்து அப்பி, சூடு காட்டியதும், எண்ணெய் சுண்ணாம்பில் ஊறி மஞ்சளாக வெளியே வந்தது. கன்னம் வைக்கும் இடத்தில் இருந்த பள்ளத்தின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தார். ஆவி ஏறி மரம் மெல்ல எழும்பிவிட்டது. கடைசியில் ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்து. வார்னிஷ் இல்லை.

பூட்டுப் பகுதியின் பக்கங்களில் தேய்ந்துபோன பூவேலையை மறுபடி வெட்டித் தரச் சொன்னேன். மறுத்துவிட்டார். அப்பா கையில் தூக்கி நடந்து தேய்ந்த தேய்மானம் அது, அப்படியே இருக்கட்டும் என்றார். வீட்டுக்கு வந்து பார்க்கப் பார்க்க அவர் சொன்னதே எனக்கும் பிடித்துவிட்டது. திருகாணிகளைக் கவனியுங்கள்: ஆங்கிலேயத் துப்பாக்கித் திருகாணியின் பிளவு மிக மெல்லியது, சாதாரணத் திருப்புளி அதைச் சிதைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திருப்புளியைத் தேய்த்துப் பொருத்திக் கழற்றியிருக்கிறார். ஒரு தலைகூடச் சிதையவில்லை.

குறைகளும் உண்டு. சொன்ன தேதியில் வேலை முடியாது, முடியவே முடியாது. தொலைபேசியை எடுக்க மாட்டார். ரசீதில் மொத்தத் தொகையை மட்டும் எழுதுகிறார். எதற்கு எவ்வளவு என்று கேட்டால்தான் சொல்கிறார். முன்கட்டையின் நிறம் பின்கட்டையைவிட ஒரு படி வெளுப்பாக இருக்கிறது, வெயிலில் பார்த்தால் தெரியும். இந்தத் தொகைக்கு அதையும் சரிசெய்து கொடுத்திருக்க வேண்டும். எனக்கு ஆன செலவு 1,800 வெள்ளி (ரிங்கிட்). வயது முதிர்ந்தவர், உடன் இருப்பது ஒரு மருமகப் பிள்ளை மட்டும். அந்தப் பையன் கறுப்பு ஏற்றும் வேலையை நன்றாகக் கற்றிருக்கிறான், கட்டை வேலைக்கு இன்னும் பழக வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். தோட்டத்துப் பக்கம் இருக்கும் வெல்டிங் கடையில் கொடுத்துச் சரிசெய்வது சிலருக்குப் பழக்கம். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். முறையின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. வெல்டிங் கடைக்காரர் கையில் உங்கள் துப்பாக்கி ஓர் இரவு இருந்தாலும் அவர் நிலைமை என்ன என்று யோசியுங்கள். தவுக்கே என் உரிமப் புத்தகத்தைப் பார்த்து, துப்பாக்கியின் எண்ணை அதோடு ஒப்பிட்டு, தன் பதிவேட்டில் எழுதிய பிறகே உறையைத் திறந்தார். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே முறை.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பூட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டால் யாரிடமும் பேச மாட்டார். உரிமப் புத்தகத்தின் மூலத்தைக் கொண்டு போங்கள், நகல் செல்லாது. அட்டை இயந்திரம் கிடையாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். துப்பாக்கியைத் தோலுறையில் வைக்கும் பழக்கம் இருந்தால் அந்த உறையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, பூட்டிய பெட்டியில் எடுத்துச் செல்வதுதான் அவருக்குப் பிடிக்கும்.