எண்ணூர்த் தண்ணிக்கு எது தாங்கும்: பிரித்துக் கட்டிய பழைய டூ ஸ்ட்ரோக்கா, புது ஃபோர் ஸ்ட்ரோக்கா?

எங்கள் பைபர் படகின் பின்னால் மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் சூடேறி நடுவில் நிற்க ஆரம்பித்ததும் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. மச்சான் புது ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம் என்றார். நான் பழைய டூ ஸ்ட்ரோக்கையே பிரித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பக் கட்டலாம் என்றேன். கட்டினோம், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை. கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் போய்வரும் படகுக்கு, சிலிண்டர் இருக்கும் பிளாக்கும் பிஸ்டன் சுற்றவைக்கும் கிராங்கும் நல்லபடியாக இருந்தால் பழையதைக் கட்டுவதுதான் சரி.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஃபோர் ஸ்ட்ரோக் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும். புகை இல்லை, சத்தம் குறைவு, வலை போடும்போது மெதுவாக ஓட்டினாலும் திணறாது, பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் கிடையாது. டூ ஸ்ட்ரோக்கின் சாதகம், எடை குறைவு. அதே குதிரைத்திறனில் பத்து கிலோ வரைகூட வித்தியாசம் வரும், தோளில் தூக்கி மணலில் நடப்பவருக்கு அது தெரியும். டூ ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கம் படுக்கவைத்தாலும் அடியில் நிற்கும் சம்ப் ஆயில் சிலிண்டருக்குள் ஏறும் பயம் இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கம்பெனி சொன்ன பக்கம்தான் சாய்க்கணும். லம்பார்டி டீசலையும் சிலர் சொல்வார்கள். காற்றிலேயே ஆறுகிற எஞ்சின், தண்ணி பம்பே இல்லை, அது பெரிய வசதி. ஆனால் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது குளிர்விக்கிற தண்ணிதான். இந்த அளவு அவுட்போர்டு எதுவானாலும் கீழ்ப்பகுதியில் இருக்கும், இதழ் வைத்த சக்கரம்போன்ற ரப்பர் இம்பெல்லர் வெளித் தண்ணியை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி அனுப்பி, பக்கத்தில் ஒரு பீச்சாக வெளியே தள்ளும். எங்கள் ஆற்றில் உறிஞ்சப்படுவது வெறும் உப்புத் தண்ணி இல்லை. வண்டல் இருக்கிறது, அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்த ஆறு இது. சாம்பல் ரொம்ப நைசு, சல்லடையில் நிற்காது. இம்பெல்லர் இதழைத் தேய்த்துவிட்டு மேலே போய், உப்போடு சேர்ந்து சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணிப் பாதையில் இறுகிவிடும். பீச்சு மெலிய ஆரம்பித்தால் அதுதான் முதல் அறிகுறி. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி விட்டுக் கழுவணும் என்பார்கள். சரிதான், ஆனால் எங்கள் குப்பத்தில் குழாயில் நல்ல தண்ணி வரும் நேரத்தில் முதலில் நிரம்புவது வீட்டுக் குடம்.

ஆகவே எந்த எஞ்சினாக இருந்தாலும் ஒரு நாள் சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டைத் திறந்தே ஆகணும். யாரால், எங்கே திறக்க முடியும் என்பதில்தான் இரண்டும் பிரிகிறது.

எங்களுடையதைத் தாழங்குப்பம் கரையிலேயே, ஒரு சாக்கை விரித்து மெக்கானிக் அண்ணன் திறந்தார். உப்பில் பிடித்துப்போன போல்ட்டுகளைச் சூடு காட்டி, லேசாகத் தட்டி, அரைச்சுற்று கழற்றி, திரும்ப உள்ளே விட்டு, மறுபடி கழற்றினார். "அவசரப்பட்டா உள்ளயே ஒடிஞ்சிரும்பா, அப்புறம் லேத்துக்குத்தான் தூக்கணும்" என்றார். ஹெட் வந்ததும் பார்த்தால் மேல் சிலிண்டரைச் சுற்றித் தண்ணிப் பாதை திறந்திருந்தது. கீழ் சிலிண்டர் பக்கம் சாம்பல் நிறத்தில் காரை பூசியதுபோல் அடைப்பு. கம்பியால் குத்திக் குத்தி எடுத்தோம். அந்தப் பக்கத்துப் பிளக்கின் முனை வெளுத்துப்போயிருந்தது. சூட்டில் வெந்ததற்கு அதுவே சாட்சி.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதே ஹெட்டுக்குள் வால்வு, கேம் எல்லாம் இருக்கின்றன. கழற்றினால் வால்வு திறந்து மூடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, திரும்ப வைக்கணும், வால்வுக்கு விடும் டேப்பட் இடைவெளி பார்க்கணும். கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் உள்ளதென்றால் கோளாறு தேட கம்பெனிக் கருவியும் வேண்டும். சாக்கு விரித்துச் செய்கிற வேலை இல்லை அது.

கட்டுவது என்று முடிவெடுக்கும் முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று, அளந்து பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்ததில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளக்கணும். ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கு அல்லது சிலிண்டரின் உள்சுவரான போர் தேய்மானம், ஏறாவிட்டால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். எங்களுடையது ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின், கரி ஏறி ரிங்கு பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. (மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டு நிறுத்துங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நின்றால்தான் மறுநாள் காலையில் கயிறு இழுத்ததும் பிடிக்கும்.) போரைக் கடைந்து பெரிதாக்க வேண்டியிருந்தால், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத்துக்காரர் கையில் கொடுத்து அளவெடுத்துத்தான் போர் அடிக்கச் சொல்லணும். கிராங்க் ஆயில் சீலைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அதில் காற்று இழுத்தால் எரிபொருள் கலவை மெலிந்து, சூடேறி, புது பிஸ்டனும் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பேரிங்கிலும் சீலிலும் எண் பொறித்திருக்கும், பொது அளவாக இருந்தால் பாரிமுனைக் கடைகளில் அதைச் சொல்லி வாங்கலாம். கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் தண்ணி கலந்திருக்கிறது, கீழ் சீலும் போயிருக்கிறது.

எல்லாம் சேர்த்து, புது எஞ்சின் விலையில் பாதிகூட ஆகவில்லை. விற்பது என்றாலும் கரையில் கைமாறுவது டூ ஸ்ட்ரோக்தான். வாங்குகிறவர் கயிற்றை இழுத்துப் பார்த்தே விலை சொல்வார்.

ஆனால் காசிமேட்டிலிருந்து நேராகக் கடலுக்குப் போகிறவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். வெளிக்கடலில் தண்ணி சுத்தம், ஓட்டம் நீளம், மிச்சமாகும் எரிபொருளே விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். சித்தப்பா மகன் அங்கே ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டுகிறான், இதுவரை குறை சொன்னதில்லை. பழசாகும்போது எப்படி என்பதை அவனே இனிமேல்தான் பார்க்கணும். ஆற்றுப் படகிலும், கனெக்டிங் ராடைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறது, புகைபோகும் பக்கம் பிளாக்கை உப்பு தின்று ஓட்டை போட்டிருக்கிறது என்றால் கட்டாதீர்கள், புதுசுக்குப் போங்கள்.

லேத் வேலை இருந்தால் ஏப்ரல் 15க்கு முன் கொடுத்துவிடுங்கள். அன்று தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு எஞ்சின்கள் எல்லாம் பட்டறைக்கு இறங்கிவிடும். அப்புறம் நம் சின்ன சிலிண்டர் மூலையில்தான் கிடக்கும்.