செங்கடல் படகு டைவிங்: வடக்கா, பிரதர்ஸா?

எகிப்தில் ஒரு வாரம் படகிலேயே தங்கி டைவ் செய்பவர்களுக்கு வடக்கு வழி என்றால் மூழ்கிய கப்பல்கள்தான். 1941-இல் குண்டு விழுந்து மூழ்கிய திசில்கார்ம் என்ற சரக்குக் கப்பல் சுமார் 30 மீட்டரில் கிடக்கிறது. சரக்கறையில் மோட்டார் சைக்கிள்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. நீரோட்டம் பலமாக இழுக்கும், கயிற்றைப் பிடித்தே இறங்க வேண்டும். விடிந்ததும் இறங்கிவிடுங்கள். ஷார்ம் எல் ஷேக் படகுகள் வந்துவிட்டால் சந்தைக்கடைதான். 32 சதவீத நைட்ராக்ஸுக்கு, அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்றுக்கு, காசு கொடுப்பது வீண் இல்லை: வழியில் அழுத்தம் குறைக்க நின்றாக வேண்டிய கட்டாயம் இல்லாமல் மேலே வர, 30 மீட்டரில் இருக்கக்கூடிய நேரம் சாதாரணக் காற்றுக்குச் சுமார் 20 நிமிடம், இதற்குச் சுமார் 30.

பிரதர்ஸ், டேடலஸ், எல்பின்ஸ்டோன் என்ற நடுக்கடல் பவளப்பாறைகளின் வழி சுறா பார்க்க. செங்குத்துச் சுவர், கண்ணுக்கெட்டிய வரை தரை கிடையாது. 33 மீட்டரைத் தாண்டினால் அதே நைட்ராக்ஸின் கூடுதல் ஆக்சிஜன் நஞ்சாகி ஆபத்து. சுறாவைத் துரத்தும்போதுதான் பலர் தாண்டுகிறார்கள். பி.சி.டி.யில் (மிதக்க உதவும் காற்றுச் சட்டையில்) காற்றில்லாமல் ரப்பர் படகிலிருந்து சாய்ந்து உடனே இறங்க வேண்டும்; மேலே மிதந்து தயங்கினால் நீரோட்டம் பாறையைத் தாண்டி அடித்துக்கொண்டு போகும். அதனால் மேலெழும்போது இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவைக் குழாய் ஆளுக்கொன்று வேண்டும். பொதுவாக 50 டைவ் பதிவும் கேட்பார்கள். அதை எட்டாதவர் வடக்கே போகட்டும்.