பாங்காக்கில் மசாஜ்: வாட் போவா, சந்துக் கடையா?

நடந்து நடந்து கால் கடுத்தவர்கள் கேட்பது இதுதான்: தாய் மசாஜுக்கு வாட் போ கோயிலுக்குப் போவதா, சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத சந்துக் கடைக்கா?

விலை: வாட் போவில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 500 பாட் (தாய்லாந்து நாணயம்) வரும். சந்தில் 250, 300லேயே முடிந்துவிடும், டிப்ஸ் தனி.

கைப்பக்குவம்: வாட் போவில் 1955 முதல் மசாஜ் பள்ளியே நடக்கிறது, நம்பிப் படுக்கலாம். சந்தில் ஆளைப் பொறுத்தது. நல்ல கை அமைந்தால் முதலில் காலைக் கழுவிவிட்டு, தளர்வான பருத்தி உடை தந்து, பாயில் படுக்கவைத்து, முழங்கையை முதுகில் ஊன்றுவார்கள். உயிர் போய் வரும்! ‘பாவ் பாவ்’ என்றால் மெதுவாக என்று அர்த்தம், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வசதி: வாட் போவில் காத்திருப்பு, சந்தில் மொழிச் சிக்கல்.

வாசலில் விலைப்பலகையும் உரிமமும் இல்லாமல், கையைப் பிடித்து இழுக்கும் கடை என்றால் அது வேறு வியாபாரம். நகர்ந்துவிடுங்கள்.

முதல் தடவை, ஒரே நாள் என்றால் வாட் போ. ஒரு வாரம் தங்குகிறவருக்குச் சந்துக் கடைதான் சரி.